சரியாகத் தெரியும் பிழை

பழைய அச்சுப் பக்கம் ஒன்றை ஸ்கேன் செய்து ஓசிஆர் மென்பொருளுக்கு, அதாவது படத்தில் உள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரிக்குக் கொடுத்தால், 'கொடுத்தான்' என்ற சொல் இரண்டு விதமாகக் கெட்டு வரலாம். துணைக்காலை 'ர' என்று வாசித்துவிட்டால் 'கெரடுத்தான்'. அந்தக் கால் மங்கிப்போய் மென்பொருளுக்குத் தென்படாமலே போய்விட்டால் 'கெடுத்தான்'. முதல் பிழையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அப்படி ஒரு சொல்லே கிடையாது. படிக்கிற எவரும் அங்கே ஒரு நொடி தயங்கி, மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு போய்விடுவார். சொற்பிழை காட்டும் மென்பொருளும் சிவப்புக் கோடு போட்டுவிடும். இரண்டாவது பிழை அப்படியல்ல. 'அண்ணன் சொத்தைக் கொடுத்தான்' என்று அச்சில் இருந்தது 'அண்ணன் சொத்தைக் கெடுத்தான்' என்று மாறி நிற்கும். சொல் சரி, இலக்கணம் சரி, வாக்கியமும் சரி. அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

பழைய தாள்களை மின்னுரையாக மாற்றும் வேலையில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. அதன் துல்லியம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் '99 சதவீதம்' என்பது போன்ற ஓர் எண் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது. எனக்கோ கேள்விகளே அங்கேதான் தொடங்குகின்றன. அந்த ஒரு சதவீதத்தில் என்ன இருக்கிறது? பார்த்ததும் தெரிந்துவிடும் பிழைகளா, சரியான சொல்லாகவே உட்கார்ந்திருக்கும் பிழைகளா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு பக்கத்தில் 2,000 எழுத்து என்று வைத்துக்கொண்டால், 99 சதவீதத் துல்லியம் என்பது பக்கத்துக்கு 20 பிழை. 300 பக்கப் புத்தகத்தில் 6,000 பிழை. சொல் அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். பிழைகள் எல்லா இடத்திலும் சீராக விழுகின்றன என்று கொண்டால், எட்டுக் குறியீடு (கணினி தனித்தனியே எண்ணும் எழுத்து, உயிர்க்குறி, புள்ளி) கொண்ட சொல் ஒன்று ஒரு பிழையும் இல்லாமல் வருவதற்கு 92 சதவீத வாய்ப்புதான் உண்டு. பன்னிரண்டு குறியீடு என்றால் 89க்கும் கீழே. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களுக்கு இது நல்ல செய்தியில்லை.

எதை ஓர் 'எழுத்து' என்று எண்ணுகிறோம் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. 'கொடுத்தான்' என்பதில் நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் அதே சொல் பத்துக் குறியீடு. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கெடுத்தான்' என்று வந்துவிட்டால் ஐந்தில் நான்கு சரி, அதாவது 80 சதவீதம் என்று நாம் சொல்வோம். குறியீட்டுக் கணக்கில் அது 90 சதவீதம். ஒரே பிழை, ஒரே சொல், இரண்டு மதிப்பெண். ஆகவே துல்லிய எண்ணை யாராவது சொன்னால், எதை எண்ணினீர்கள் என்று கேட்பது குற்றம் பிடிப்பது ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிழை விகிதத்தை அளக்க இன்று எல்லோரும் பயன்படுத்துவது, 1965ல் விளதீமிர் லெவன்ஷ்டைன் வகுத்த திருத்தத் தொலைவு. ஒரு தொடரை இன்னொன்றாக மாற்ற எத்தனை இடத்தில் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று அது எண்ணும். 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாக எடுத்துக்கொண்டால், 'கெரடுத்தான்' என்பதைத் திருத்த இரண்டு செயல் வேண்டும். 'கெடுத்தான்' என்பதைத் திருத்த ஒன்று போதும். அதாவது, யாரையும் ஏமாற்றாத பிழைக்கு இரண்டு மதிப்பெண் போகிறது, பொருளையே தலைகீழாக்கும் பிழைக்கு ஒன்றுதான் போகிறது. அளவுகோல் மேல் தப்பில்லை, அது எண்ணச் சொன்னதை எண்ணுகிறது. அந்த எண்ணை நம்பகத்தன்மை என்று நாம் வாசிப்பதில்தான் தப்பு.

பிழைகள் சீராக விழுகின்றன என்று மேலே வைத்துக்கொண்டேன், கணக்குக்காக. உண்மையில் அவை சீராக விழுவதே இல்லை. 2009ல் சைமன் டானரும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் 19ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள் மின்னுரையை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எழுத்து அளவில் துல்லியம் 83.6 சதவீதம். சொல் அளவில் 78. அவர்கள் அங்கே நிறுத்தாமல், 'தி', 'ஆஃப்' போன்ற துணைச் சொற்களை ஒதுக்கிவிட்டு, ஒருவர் உண்மையில் தேடக்கூடிய பொருளுள்ள சொற்களை மட்டும் தனியே எண்ணினார்கள். அது 68.4. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள், அதாவது பெரும்பாலும் ஆள் பெயர், ஊர்ப் பெயர், இன்னும் கீழே போயின. இந்த ஆய்வின் பெரிய பலமாக நான் கருதுவது இதைத்தான்: எந்தச் சொல்லுக்காக ஒருவர் அந்தத் தொகுப்பைத் திறக்கிறாரோ, அந்தச் சொல்லில்தான் துல்லியம் குறைகிறது.

காரணம் எளிது. அடிக்கடி வரும் சொல்லை மென்பொருள் ஆயிரம் முறை பார்த்துப் பழகியிருக்கிறது. பாதி அழிந்திருந்தாலும் ஊகித்துவிடும். ஒரு ஆளின் பெயரோ, கணக்கேட்டில் உள்ள ஒரு தொகையோ உலகத்தில் அந்த ஒரு தாளில் மட்டும் இருக்கலாம். ஊகத்துக்கு அங்கே வழியே இல்லை. எண்களுக்கு அகராதியும் கிடையாது. 3 இருந்த இடத்தில் 8 வந்தால் அதுவும் எண்தான்.

இதன் விளைவு தேடலில் தெரியும், அல்லது தெரியாமலே போகும். தன் தாத்தாவின் தாத்தா பெயரைப் பழைய செய்தித்தாள் தொகுப்பில் ஒருவர் தேடுகிறார். 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. அவர் அதை 'அந்தப் பெயர் எங்கும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறார். பெயரில் ஒரு ண, ன மாறியிருந்ததால் கிடைக்காமல் போனது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நூலகத்தில் தாளைப் புரட்டியிருந்தால் கண் அந்தப் பெயரில் விழுந்திருக்கும். தேடல் வசதி வந்த பிறகு புரட்டுவது நின்றுவிட்டது. அதனால்தான் இந்தத் துல்லியப் பிரச்சினையைத் தொழில்நுட்ப ஆட்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தேடிக் கிடைக்காத ஆள் வரலாற்றிலிருந்தே விலகிப்போகிறார்.

சில நேரம் கண்ணுக்கு வித்தியாசமே இருக்காது. 'கௌ' என்பதும், 'கெ'யும் 'ள'வும் அடுத்தடுத்து வைத்த 'கெள' என்பதும் பல எழுத்துருக்களில் அப்படியே ஒன்றாகத் தெரியும். மெய்ப்பு பார்ப்பவர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பிடிக்க முடியாது. தேடும்போது மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இதையெல்லாம் கண்ணை நம்பாமல், குறியீட்டைப் பார்த்துத் திருத்தும் சிறு நிரல் கொண்டுதான் சரிசெய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது எழுத்தாக மாற்றும்போது வரும் பிழை. படமாக எடுக்கும்போதே தப்பு நுழைந்துவிட்டால்?

2013 ஆகஸ்டில் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிவியலாளர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஸெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கேனில் மூன்றுமே 14.13. எழுத்துணர்தல் எதுவும் இதில் இல்லை, வெறும் படம்தான். கோப்பின் அளவைச் சுருக்க அந்த இயந்திரம் ஜேபிக்2 என்ற முறையைப் பயன்படுத்தியது. பக்கத்தில் ஒரே மாதிரி தோன்றும் சிறு துண்டுகளை ஒரு முறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும் முறை அது. சின்ன எழுத்தில் 6ம் 8ம் 'ஒரே மாதிரி' என்று அதற்குத் தோன்றினால், ஒன்றின் மேல் மற்றது உட்கார்ந்துவிடும். மங்கலாக இருக்காது, கறையாக இருக்காது. பளிச்சென்று, தெளிவாக, தப்பான எண். நிறுவனம் பிறகு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. மூலத்தை அழித்துவிட்டு ஸ்கேனை மட்டும் வைத்துக்கொள்ளும் இடங்களில் இந்தச் சுருக்க முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகமும் சொல்லிவிட்டது.

இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு, 'ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி தாள் எதற்கு' என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்கேன் செய்யும் கட்டத்தில் தமிழுக்கு என்று ஒரு தனிக் கவலை உண்டு: புள்ளி. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) எடுத்தால் பத்துப் பாயிண்ட் அச்செழுத்தின் முழு உயரத்துக்கு ஏறத்தாழ 42 பிக்சல் கிடைக்கும். அதில் புள்ளிக்கு வருவது சொற்பம். 150 டிபிஐயில் அதுவும் பாதி. இந்த நிலையில் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், எந்த அளவு கருமைக்கு மேலே இருப்பது மை, கீழே இருப்பது தாள் என்று இயந்திரம் ஒரு கோடு கிழித்தாக வேண்டும். கோட்டை ஒரு பக்கம் தள்ளினால் மங்கிய புள்ளிகள் மறைந்து மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய் ஆகும். மறுபக்கம் தள்ளினால் தாளில் உள்ள பழுப்புப் புள்ளிகளும் பூச்சி எச்சமும் எழுத்தின் தலையில் ஏறி உயிர்மெய்யெல்லாம் மெய்யாகும். அப்புறம், பல ஸ்கேனர்களிலும் செயலிகளிலும் 'தூசு நீக்கு' என்று ஒரு வசதி இருக்கும். தனியாக நிற்கும் சிறு கரும்புள்ளிகளை அழிப்பதுதான் அதன் வேலை. தமிழ்ப் பக்கத்தில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிறத்திலோ முழு வண்ணத்திலோ, குறைந்தது 300, சின்ன எழுத்தென்றால் 400 டிபிஐயில் எடுத்து, அந்த மூலப் படத்தை எந்த 'அழகுபடுத்தலும்' செய்யாமல் தனியே வைத்துக்கொள்வதுதான் நல்லது. மற்றதையெல்லாம் நகலில் செய்துகொள்ளலாம். பக்கம் கோணலாக இருப்பது, நடுத் தையல் அருகே வரி வளைவது, பின்பக்க மை ஊறித் தெரிவது ஆகியவற்றை இன்றைய மென்பொருள்கள் ஓரளவு சமாளிக்கின்றன.

எழுத்து வடிவத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1978ல் வந்த அரசாணை 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முந்தைய அச்சில் லை, னை, ளை, ணை ஆகியவை முன்னால் யானைத் துதிக்கை போல வளைந்த வடிவில் இருக்கும். ணா, றா, னா ஆகியவை கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்து இருக்கும். புதிய எழுத்துருக்களை மட்டும் வைத்துப் பயிற்சி கொடுத்த மென்பொருளுக்கு இவை அந்நியம். தெரிந்த எழுத்துகளில் ஏதோ ஒன்றாக மாற்றிவிடும். இவை அரிய எழுத்துகளும் இல்லை. 'இல்லை', 'நினைத்தான்', 'அவளை' என்று வரிக்கு வரி வருபவை. ஆகவே பழைய நூலில் அளந்த துல்லியமும் புதிய நூலில் அளந்த துல்லியமும் வேறு வேறாகத்தான் இருக்கும். ஒன்றைக் காட்டி மற்றதற்கு உத்தரவாதம் தர முடியாது.

தமிழ் எண்கள் அடுத்த வலை. ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றை க, உ, எ, அ என்பவற்றிலிருந்து வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். முகப்புப் பக்கத்தில் ௧௮௮௭ என்று ஆண்டு இருந்தால் 'கஅஅஎ' என்று வந்து நிற்கும். மனிதன் பார்த்தால் இது ஆண்டு என்று புரிந்துகொள்வான். பக்க எண், செய்யுள் எண், கணக்கேட்டின் தொகை எல்லாம் இப்படி எழுத்தாகிவிட்டால் நூலின் எலும்புக்கூடே குலைந்துபோகும். இதோடு இன்னொரு பழைய வழக்கமும் சேர்ந்துகொள்கிறது: வரி முடிவில் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலே உடைத்து அடுத்த வரியில் தொடர்வது. வரிகளை ஒட்டும்போது 'வந்தி ருந்தான்' என்று நடுவில் இடைவெளி விழும். அதை நிரல் கொண்டு ஒட்டப் போனால், பிரிந்தே இருக்க வேண்டிய சொற்களும் ஒட்டிக்கொள்ளும்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். டெஸராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் ஹியூலெட் பக்கார்டில் பிறந்து, 2005ல் கட்டற்ற மென்பொருளாகி, பின்னர் கூகுள் ஆதரவில் வளர்ந்தது. அதன் பழைய பதிப்புகள் எழுத்தை எழுத்தாகத் துண்டித்து வடிவம் பார்த்தன. அவை விட்ட பிழைகளும் வடிவப் பிழைகள்: 'கெரடுத்தான்' வகை. 2018ல் வந்த நான்காம் பதிப்பு, எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பழகும் நரம்புவலை முறையில் முழு வரியையும் தொடராக வாசிக்கிறது. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரும் என்ற பழக்கமும் அதற்குள் ஏறிவிட்டது. துல்லியம் நன்றாகக் கூடியது, அதை மறுக்கவே முடியாது. இப்போது படத்தைப் பார்த்து உரை எழுதும் பெரிய மொழி மாதிரிகள் (ஏராளமான உரையைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள்) வந்திருக்கின்றன. முன்பெல்லாம் கைவிட்ட பக்கங்களைக்கூட அவை வாசிக்கின்றன. எனக்கும் அதில் மகிழ்ச்சிதான்.

ஆனால் இந்த ஒவ்வொரு படியிலும் 'கெரடுத்தான்' குறைந்து, 'கெடுத்தான்' வகையின் பங்கு கூடுகிறது. மொழி தெரிந்த வாசகன் ஊகிப்பான். மங்கிய சொல்லின் இடத்தில் பொருத்தமான வேறு சொல், பழைய சொல் வடிவத்தின் இடத்தில் இன்றைய வடிவம், சந்தி பிரிக்காத தொடரின் இடத்தில் பிரித்த தொடர். பூச்சி அரித்த ஓட்டையில்கூட, அங்கே இருந்திருக்கக்கூடிய சொல்லை எழுதிவிடுகிற மாதிரிகள் உண்டு. சில நேரம் ஒரு வரியே விட்டுப்போய், முன்பின் வரிகள் அழகாக ஒட்டிக்கொள்ளும். படித்தால் மிக நன்றாக இருக்கும். அந்தத் தாளில் அது இல்லை என்பது மட்டும்தான் குறை. உயில், பத்திரம், பழைய கடிதம், மொழியின் வரலாற்றைச் சொல்லும் நூல் எதுவானாலும் அந்தக் குறை ஒன்றே போதும், மற்ற எல்லா நன்மையையும் ரத்து செய்ய. மென்பொருள் தன் வாசிப்புக்குத் தானே தரும் 'நம்பிக்கை மதிப்பெண்' இங்கே உதவாது. எவ்வளவு சரளமாகத் தோன்றுகிறதோ அவ்வளவு நம்பிக்கையோடு அது தப்பும் செய்யும்.

சரி, என்னதான் செய்வது? நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பழைய ஆங்கில அச்சு நூல்களை உரையாக்கிய டெக்ஸ்ட் கிரியேஷன் பார்ட்னர்ஷிப் திட்டம், எழுத்துணரியை நம்பாமல் மனிதர்களைக் கொண்டு தட்டச்சு செய்வித்தது. அவர்கள் கேட்ட துல்லியம் 99.995 சதவீதம், அதாவது 20,000 எழுத்துக்கு ஒரு பிழை. இத்தகைய அளவை எட்ட இரட்டைத் தட்டச்சு என்ற முறை உதவும். இரண்டு பேர் தனித்தனியே அடிப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே மாறுகிறதோ அங்கே மூன்றாமவர் மூலத்தைப் பார்ப்பார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்வது அபூர்வம் என்பதுதான் இதன் பலம். செலவு அதிகம், எல்லாவற்றுக்கும் முடியாது.

இதையே சிக்கனமாகச் செய்ய, வேறு வேறு விதமாக உருவான இரண்டு எழுத்துணரிகளில் ஒரே பக்கத்தை ஓட்டி, அவை மாறுபடும் இடங்களை மட்டும் கண்ணால் பார்க்கலாம். வடிவம் பார்க்கும் பழைய ரகம் ஒன்றும், மொழி தெரிந்த புதிய ரகம் ஒன்றும் என்றால் இன்னும் நல்லது. ஒன்று ஊகிக்கும் இடத்தில் மற்றது உளறும். அந்த உளறல்தான் நமக்கு வேண்டிய அறிகுறி. பெயர்களையும் எண்களையும் மட்டும் இரண்டும் ஒத்துப்போனாலும் விடாமல், தனியாக ஒரு முறை படத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

துல்லியத்தை அளக்கும்போதும் நல்ல பக்கங்களாகப் பொறுக்கி எடுக்கக் கூடாது. குலுக்கல் முறையில் எடுங்கள். அட்டவணை, அடிக்குறிப்பு, கிழிந்த ஓரம் எல்லாம் அதில் வரட்டும். எழுத்துக்கு ஓர் எண், சொல்லுக்கு ஓர் எண், பெயருக்கும் தொகைக்கும் ஓர் எண் என்று தனித்தனியே சொல்லுங்கள்.

உரையைப் படத்திலிருந்து பிரிக்காமல் வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் பழைய செய்தித்தாள்களை 2008ல் இணையத்தில் வைத்தபோது, செய்தியின் படத்துக்குப் பக்கத்திலேயே எழுத்துணரி தந்த உரையை வைத்து, திருத்தும் உரிமையை வாசகர்களிடமே கொடுத்தது. பின்னர் ட்ரோவ் என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தொகுப்பை இன்றுவரை முகம் தெரியாத மனிதர்கள் வரிவரியாகத் திருத்துகிறார்கள். பிழை இருப்பதை மறைக்காமல் காட்டியதால் கிடைத்த பலன் அது. எச்ஓசிஆர், ஆல்ட்டோ போன்ற கோப்பு வடிவங்களில் ஒவ்வொரு சொல்லும் படத்தின் எந்த இடத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கும். வெறும் உரைக் கோப்பாக மாற்றும்போது அந்தக் குறிப்பு போய்விடுகிறது. சேமிக்கும்போது அதையும் சேர்த்துச் சேமியுங்கள். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

வாசிக்க முடியாத இடத்தில் வாசிக்க முடியவில்லை என்ற குறி வையுங்கள். உங்கள் ஊகம் உறுதியாக இருந்தாலும் அதை ஊகம் என்று தெரியும்படி பகர அடைப்புக்குள் போடுங்கள். உரையின் தலைப்பகுதியில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு ஓட்டியது, மனிதர் யாராவது மெய்ப்பு பார்த்தாரா, பார்த்தது முழுதையுமா சில பக்கங்களை மட்டுமா என்று நாலு வரி எழுதிவிடுங்கள். இன்னும் நல்ல எழுத்துணரி வரும்போது, எந்தப் பக்கங்களை மறுபடி ஓட்ட வேண்டும், மனிதக் கை பட்ட எந்தப் பக்கங்களைத் தொடக் கூடாது என்று அடுத்து வருபவருக்கு அந்த நாலு வரியை வைத்துத்தான் தெரியும்.